ஒரு டாலர் கையெழுத்து: ஆட்டக்காரர்களின் வாழ்க்கை ஓர் இயக்குநரின் நாடகமான கதை

மைக்கேல் பென்னட் நடன அமைப்பாளராகவும் இயக்குநராகவும் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் செய்த வேலைகளில் மிகப் பெரியது 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகம். அந்த நாடகம் 1974 ஜனவரியில் தொடங்கி எப்படி உருவானது, அதற்குத் தங்கள் சொந்த வாழ்க்கையைக் கொடுத்த ஆட்டக்காரர்களுக்கு என்ன கிடைத்தது, 2008 வரை அது எப்படி இழுத்துக்கொண்டு போனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இயக்குநர், எழுத்தாளர்கள், தயாரிப்பாளர் ஆகியோர் பெயரோடு வருகிறார்கள். கதை கொடுத்த ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லாமல் விடுகிறேன். அவர்களில் பலர் பின்னாளில் வெளிப்படையாகப் பேசியவர்கள்தான். ஆனாலும் அவர்களுடைய அந்தரங்கத்தை மறுபடி எடுத்து விரிப்பது இந்தக் குறிப்புக்குத் தேவைப்படவில்லை.

பின்னணி

பென்னட் 1943இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் ஐரோப்பியச் சுற்றுப்பயணக் குழுவில் ஆடப் போனார். 1961இல் பிராட்வே கோரஸில் இடம் கிடைத்தது. நம் சினிமாவில் குரூப் டான்ஸர் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான் கோரஸ். முன்னால் நட்சத்திரம், பின்னால் வரிசையாக இவர்கள். எல்லாரும் ஒரே மாதிரி கால் தூக்க வேண்டும், யார் முகமும் தனியாகத் தெரியக் கூடாது.

நடன அமைப்பாளராக அவர் வேலை பார்த்த முதல் பிராட்வே நாடகம் 1966இல் 12 காட்சிகளோடு நின்றுபோனது. இருந்தும் நடனத்துக்காக அவர் பெயர் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1968இல் 'பிராமிஸஸ், பிராமிஸஸ்', 1970இல் 'கம்பெனி' என்று படிப்படியாக ஏறினார். 1971இல் 'ஃபாலீஸ்' நாடகத்தை ஹெரால்ட் பிரின்ஸோடு சேர்ந்து இயக்கினார். இயக்கம், நடனம் இரண்டுக்கும் அந்த நாடகத்தில் டோனி கிடைத்தது.

இந்த ஆய்வுக்கு முக்கியமானது 1973இல் நடந்தது. 'சீசா' என்ற நாடகம் நியூயார்க்குக்கு வரும் முன் டெட்ராய்ட்டில் வெள்ளோட்டம் போய்க்கொண்டிருந்தது. அங்கே அது தடுமாறியது. சரி செய்ய பென்னட்டைக் கூப்பிட்டார்கள். அவர் போய்க் கதை, நடிகர்கள், நடனம் என்று ஏறத்தாழ எல்லாவற்றையும் கலைத்து மாற்றினார். அரங்கப் பொருட்கள் செய்தாயிற்று, உடைகள் தைத்தாயிற்று, டிக்கெட்டும் விற்றாயிற்று, அதற்கு அப்புறம் அடிப்படையைத் திருத்துவது என்ன பாடு என்பது அவருக்கு அங்கே நன்றாகப் புரிந்தது. செலவு ஏறும் முன்பே நாடகத்தை உருவாக்கிப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் இந்த அனுபவத்தில் வேர் விட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் ஆட்டக்காரர்களின் நிலை. எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க் நகரமே பணமுடையில் இருந்தது. பிராட்வேயிலும் இசை நாடகங்கள் குறைந்துகொண்டே வந்தன. 1973 கடைசியில் ஓர் இசை நாடகம், முறையான தொடக்கத்துக்கு முன் நடக்கும் முன்காட்சிகளோடு மூடப்பட்டது. அதில் ஆடிய இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஓர் ஆணும், ஒரு யோசனையோடு கிளம்பினார்கள். ஆட்டக்காரர்களே எழுதி, ஆட்டக்காரர்களே இயக்கும் ஒரு குழு ஏன் இருக்கக் கூடாது? துணைக்கு வரச் சொல்லி அவர்கள் அணுகியது பென்னட்டை. காரணம் எளிது: அவரும் அந்த வரிசையில் நின்று வந்தவர்.

முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் அந்த இருவர். பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அர்த்தம் புரியும்.

1974 ஜனவரி 26: ஒரு நள்ளிரவு

சனிக்கிழமை இரவுக் காட்சி முடித்துவிட்டு வருபவர்களும் கலந்துகொள்ள வேண்டும் என்பதால் நள்ளிரவில் கூடினார்கள். இடம், மன்ஹாட்டனில் ஓர் உடற்பயிற்சிக் கூடம். சுமார் 20 பேர். முதலில் எல்லாரும் சேர்ந்து ஆடினார்கள். உடம்பு களைத்த பிறகு தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு டேப் ரெக்கார்டர்.

கேள்விகள் மிகச் சாதாரணமானவை. உன் இயற்பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் எப்படி, ஆட ஏன் வந்தாய்? ஒருவர் சொல்லி முடித்ததும் அடுத்தவர். சிறுவயதில் தொடங்கி, பருவ வயது, முதல் ஆடிஷன் என்று சுற்று போய்க்கொண்டே இருந்தது. விடிந்து, மறுநாள் நண்பகல் வரை பேசினார்கள். அப்பா அம்மாவின் சண்டையிலிருந்து தப்பிக்க பாலே வகுப்புக்கு ஓடிய குழந்தைகளின் கதை வந்தது. அறுவை சிகிச்சையால் தன் உடம்பின் தோற்றத்தை மாற்றிக்கொண்ட பிறகே வேலை கிடைக்க ஆரம்பித்தது என்ற கதை வந்தது. பெண் வேடமிட்டு ஆடிக்கொண்டிருந்த மகனை, எதிர்பாராமல் மேடைக்குப் பின்னால் பெற்றோர் பார்த்துவிட்ட கதை வந்தது. அழுதவர்கள் உண்டு. பல வருடம் ஒரே அறையில் உடை மாற்றியவர்கள் அன்றுதான் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொண்டார்கள்.

பிப்ரவரியில் இன்னொரு முறை கூடினார்கள். அதற்குப் பின் தனித்தனி நேர்காணல்களும் நடந்தன.

அந்த அறையில் இருந்த இரண்டு விஷயங்களை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பென்னட் அவர்களில் ஒருவர் என்பதால்தான் அவ்வளவு பேசினார்கள். ஒரு தயாரிப்பாளரோ பத்திரிகைக்காரரோ கேட்டிருந்தால் பாதி கூட வந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் அவர் வெறும் சக ஆட்டக்காரர் கிடையாது. மூன்றாவது டோனி வாங்கும் தறுவாயில் இருந்த இயக்குநர், நாளைக்கு வேலை கொடுக்கக் கூடியவர். அவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

காகிதத்தில் கையெழுத்து

ஆட்டக்காரர் குழு என்ற யோசனை மெல்ல மங்கியது. அந்த டேப்புகளிலிருந்தே ஒரு நாடகம் செய்யலாம் என்று பென்னட் முடிவு செய்தார். பேசியவர்களிடம் உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதற்கு ஈடாகக் கொடுத்தது ஒரு டாலர்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் இரு தரப்புக்கும் இடையே ஏதாவது மதிப்புள்ளது கைமாற வேண்டும். அந்தச் சடங்குக்காகத்தான் ஒரு டாலர். ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கப்பட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தக் கட்டத்தில் இது நாடகம் ஆகுமா, ஆனாலும் யாராவது பார்ப்பார்களா என்பது பென்னட்டுக்கே தெரியாது. கையெழுத்துப் போட்டவர்களுக்கோ, எதுவோ ஒன்று நடக்கப்போகிறது, அதில் நாமும் இருக்க வேண்டும் என்ற ஆவல்தான். அவர்கள் தரப்பில் ஒரு வழக்கறிஞர் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்திருந்தால், அந்தக் கதை இன்னொரு தயாரிப்பிலும் இன்னொரு நாட்டிலும் வரும்போது என்ன ஆகும் என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

பட்டறை

நியூயார்க் ஷேக்ஸ்பியர் விழா அமைப்பை நடத்திவந்த ஜோசஃப் பாப், பழைய இசை நாடகம் ஒன்றை மறுபடி இயக்க முடியுமா என்று பென்னட்டைக் கேட்டிருந்தார். பென்னட் அதற்குப் பதில் டேப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். பாப் இடமும் சிறிது பணமும் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

முதல் பட்டறை 1974 ஆகஸ்டில், ஐந்து வாரம். ஆட்டக்காரர்களுக்கு வாரம் 100 டாலர். லாபநோக்கற்ற அமைப்பு என்பதால்தான் அவ்வளவு குறைந்த சம்பளத்தில் அவ்வளவு நாள் வேலை பார்க்க முடிந்தது. அன்றைய பிராட்வே கணக்கில் இது யாரும் கேள்விப்படாத முறை. எழுதி முடித்த நாடகத்தை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கு வருவார்கள். இங்கேயோ கையில் டேப்பின் எழுத்து வடிவம் மட்டுமே. அதை ஜேம்ஸ் கர்க்வுட்டும், அந்த நள்ளிரவில் உட்கார்ந்திருந்த நிக்கலஸ் டான்டேயும் நாடகமாக எழுதினார்கள். இசை மார்வின் ஹாம்லிஷ், பாடல் வரிகள் எட்வர்ட் கிளீபன். நடனத்தில் பென்னட்டோடு பாப் ஏவியன்.

முதல் பட்டறையின் முடிவில் கையில் இருந்தது நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஒரு குவியல். அதில் வெட்டவேண்டியதும் சேர்க்கவேண்டியதும் ஏராளம். குளிர்காலத்தில் இரண்டாவது பட்டறை நடந்தது. ஒருவர் சொன்னதையும் இன்னொருவர் சொன்னதையும் சேர்த்து ஒரு பாத்திரம் செய்தார்கள். ஒருவருடைய கதை வேறொருவர் வாய்க்குப் போனது. கதை சொன்னவர்களே அந்தப் பாத்திரத்துக்கு ஆடிஷன் கொடுக்க வேண்டி வந்தது. தானாக நடிக்கத் தானே தேர்வாகாமல் போனவர்களும் உண்டு. நாடகக் கட்டமைப்பின் பார்வையில் அந்த வெட்டு ஒட்டு வேலை சரியானது. அந்த ஆட்டக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், உன் வாழ்க்கைக்கு நீ பொருத்தமில்லை என்று சொன்னது போலத்தானே இருந்திருக்கும்?

நாடகத்தின் சட்டகம் மிக எளிதானது. ஓர் ஆடிஷன். கடைசிச் சுற்றில் 17 பேர், இருக்கும் இடமோ எட்டு: நான்கு ஆண், நான்கு பெண். இருட்டில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர், படிப்பையும் அனுபவத்தையும் விட்டுவிட்டு, நீ யார் என்று கேட்கிறார். அன்றைய நள்ளிரவே மேடைக்கு வந்துவிட்டது. ராபின் வாக்னரின் அரங்கில் கறுப்பு வெளி, திரும்பும் கண்ணாடிகள், தரையில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். தரன் மஸ்ஸரின் ஒளியமைப்பு, ஆடிஷனில் உரக்கச் சொல்வதையும் மனதுக்குள் ஓடுவதையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டியது. கணினி நினைவகத்தோடு இயங்கும் ஒளிப்பலகை பிராட்வேக்கு வந்தது இந்த நாடகத்தோடுதான்.

ஒத்திகையில் விழுந்த நாள்

நாடகத்தில் ஓர் ஆட்டக்காரருக்குக் காலில் அடிபடும் காட்சி வருகிறது. சுற்றியிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது ஒத்திகையில் சரியாக வரவில்லை. ஒரு நாள் பென்னட் ஆடிக் காட்டிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து வலியில் கத்தினார். அறை பதறியது. சிலர் ஓடி வந்தார்கள், சிலர் உறைந்து நின்றார்கள், சிலர் அழுதார்கள். பிறகு அவர் எழுந்து நின்று, இப்போது செய்ததை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சொன்னார். விழுந்தது நடிப்பு.

காட்சி நன்றாக வந்தது, உண்மைதான். நாடகப் பள்ளிகளில் இதைச் சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆட்டக்காரருக்கு முழங்கால்தான் சோறு போடுவது. அந்த அச்சத்தையே தட்டி எழுப்பி எடுத்த உணர்ச்சி, முன்பே கதைகளைக் கொடுத்தவர்களிடமிருந்து இரண்டாவது முறை, இம்முறை கேட்காமலே எடுத்துக்கொண்டது. அறையில் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் யாரும் வேலையை விட்டுப் போகும் நிலையில் இல்லை.

முன்காட்சிகளில் செய்த மாற்றங்கள்

1975 ஏப்ரலில் ஜோசஃப் பாப்பின் பொது அரங்க வளாகத்தில் 299 இருக்கைகள் கொண்ட நியூமன் அரங்கில் முன்காட்சிகள் தொடங்கின. இரண்டு மாற்றங்களைக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது சின்னது. உடம்பை மாற்றிக்கொண்ட பெண்ணின் பாட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைத் தேடியபோது, அச்சிட்ட நிகழ்ச்சிக் குறிப்பில் இருந்த பாட்டின் தலைப்பே நகைச்சுவையை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது என்று தெரிந்தது. தலைப்பை மாற்றினார்கள். சிரிப்பு வந்தது.

இரண்டாவது பெரியது. ஒரு காலத்தில் தனி வேடங்களில் ஆடி, பிறகு வேலை இல்லாமல் மறுபடி கோரஸுக்கே திரும்பி வரும் பெண் பாத்திரம் ஒன்று உண்டு. முதலில் அவளைத் தேர்ந்தெடுக்காமல் விடுவதாக இருந்தது. பார்த்தவர்கள் மனம் அதை ஏற்கவில்லை. மீண்டும் தொடங்க அவளுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுக்கக் கூடாதா என்ற கருத்து வந்ததும் பென்னட் மாற்றினார். அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். கடைசிக் காட்சியில் எல்லாரும் ஒரே மாதிரிப் பொன்னிற உடையில், ஒரே தொப்பியோடு, ஒரே வரிசையில் வந்து ஆடும்போது, இரண்டு மணி நேரமாக நாம் பெயர் சொல்லிப் பழகிய முகங்களைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அடி விழ வேண்டுமானால் அதற்கு முன் ஒருத்தியாவது ஜெயித்திருக்க வேண்டும்.

மேடையில்

1975 மே 21இல் முறைப்படி தொடங்கி, ஜூலையில் ஷூபர்ட் அரங்குக்கு மாறியது. இசைக்கலைஞர்களின் வேலைநிறுத்தத்தால் அங்கே அதிகாரபூர்வத் தொடக்கம் அக்டோபர் 19க்குத் தள்ளிப்போனது. 1976இல் ஒன்பது டோனி விருதுகளும் நாடகத்துக்கான புலிட்சர் பரிசும் வந்தன. 1983 செப்டம்பர் 29இல் 3,389ஆவது காட்சியோடு அதுவரை பிராட்வேயில் அதிகம் ஓடிய நாடகமானது. அன்று பல வருடங்களாக அதில் ஆடிய 332 பேர் மேடையேறினார்கள். 1990 ஏப்ரல் 28இல் நிறுத்தியபோது 6,137 காட்சிகள். வந்த லாபம் ஜோசஃப் பாப்பின் அமைப்பைப் பல வருடம் தாங்கியது.

'எ கோரஸ் லைன்' நாடகத்துக்கு அப்புறம் பென்னட் செய்த 'பால்ரூம்' 1978இல் தொடங்கி 116 காட்சிகளில் முடிந்தது. 1981இல் 'டிரீம்கேர்ள்ஸ்' 1,521 காட்சிகள் ஓடியது. அவருடைய மொத்த டோனி விருதுகள் ஏழு. 1987 ஜூலை 2இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால், 44 வயதில் இறந்தார்.

பணம்

நாடகம் வெற்றி பெறும் என்று தெரிந்ததும் ஒரு டாலர் காகிதத்தோடு விஷயத்தை முடித்துக்கொள்ளவில்லை பென்னட். கதை கொடுத்தவர்களுக்கும் பட்டறையில் இருந்தவர்களுக்கும் வருமானத்தில் ஒரு பங்கு ஒதுக்கினார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பிரிவுகள். எல்லாருக்கும் சேர்த்து அது ஒரு சதவீதத்தைக் கூடத் தொடவில்லை. ஆனாலும் சட்டப்படி கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லாத நிலையில் கொடுத்தார், அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நாடகம் ஓடிய வருடங்களில் அது அவர்களுக்கு உதவியான தொகையாகவும் இருந்தது.

சிக்கல் 2006இல் வந்தது. பாப் ஏவியன் இயக்கத்தில் நாடகம் பிராட்வேயில் மறுபடி மேடையேறியது. பழைய ஏற்பாடு பழைய தயாரிப்போடு கட்டப்பட்டிருந்தது. புதிய தயாரிப்பின் வருமானத்தில் கதைக்குச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு வரவில்லை. அதற்குள் அவர்கள் அறுபதை நெருங்கியவர்கள், ஆட முடியாதவர்கள். ஒவ்வொரு இரவும் தங்கள் பதினாறு வயதுத் துக்கத்தை வேறு யாரோ மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பென்னட் உயிரோடு இருந்திருந்தால் அவர் அறைக்குப் போய்ப் பேசியிருக்கலாம். இப்போது எதிரே இருந்தது அவருடைய சொத்தை நிர்வகித்தவர்களும் வழக்கறிஞர்களும். 2008இல் இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

அந்தத் தொழில் எடுத்துக்கொண்டது

பட்டறை முறை பிராட்வேயில் வழக்கமானது. அதோடு ஆட்டக்காரர் உழைப்பில் நாடகத்தை உருவாக்கிவிட்டு, பிறகு அவர்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்லும் சிக்கலும் வழக்கமானது. நடிகர் சங்கமான ஈக்விட்டி இதற்காகத் தொடர்ந்து போராட வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில், உருவாக்கக் கட்ட வேலைகளில் உறுப்பினர்கள் சேரக் கூடாது என்று சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. ஒரு மாதம் கழித்து, முதலீட்டை மீட்டெடுக்கும் நாடகங்களின் லாபத்தில் ஒரு சதவீதம் உருவாக்கத்தில் இருந்தவர்களுக்கு என்று உடன்பாடு வந்தது. அந்த நள்ளிரவுக்கும் இதற்கும் இடையில் 45 வருடங்கள்.

என்ன மாற்றியிருப்பேன்

டேப்பைப் போடும் முன்பே காகிதம். அதுவும் இரண்டு காகிதம்: பதிவு செய்ய ஒன்று, அதை வைத்து ஏதாவது செய்வதாக இருந்தால் அப்போது தனியாக ஒன்று. இரண்டாவதில் ஆட்டக்காரர் தரப்புக்கும் ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும். அந்தச் செலவைத் தயாரிப்பு ஏற்க வேண்டும். பங்கு ஒரு தயாரிப்போடு முடியாமல், அந்தக் கதை எங்கே எப்போது மேடையேறினாலும் கூடவே போக வேண்டும். 2006இல் நடந்ததைத் தடுக்க அந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

கதை சொன்னவர், எழுதி முடித்த பக்கத்தை மேடையேறும் முன் படிக்க வேண்டும், இது வேண்டாம் என்று சொல்ல உரிமை வேண்டும். நாடகம் பலவீனப்படும் என்பார்கள். சில இடங்களில் பலவீனப்படலாம், அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வேன். தன் கதைக்குத் தானே ஆடிஷன் கொடுக்கும் ஏற்பாட்டையும் விட்டுவிடுவேன். பாத்திரம் கிடைக்காது என்றால் முன்பே நேராகச் சொல்லி, கதைக்கான பங்கு அதனால் குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வாரம் 100 டாலர் கொடுத்த பட்டறையை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த இடத்தைத் தவிர வேறு எங்கும் இந்த நாடகம் பிறந்திருக்காது. பென்னட்டின் கண்ணும் காதும் இல்லாமல் அந்த டேப்புகள் ஏதோ ஓர் அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்கும்; இதையும் மனதாரச் சொல்கிறேன். அந்த இரண்டு பேர், பெயர் சொல்லாமல் விட்ட அந்தப் பெண்ணும் ஆணும், கேட்டது ஆட்டக்காரர்களே நடத்தும் ஒரு குழுவை. அது மட்டும் கடைசி வரை தொடங்கவில்லை.